மேட்டூருக்கு மேலே: டெல்டாவின் தண்ணீருக்கு மலையில் காவல் யார்?

2018 என்றால் டெல்டாக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கஜா. நவம்பர் 16ஆம் தேதி விடிவதற்குள் பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன புயல், மறக்க முடியாதுதான். ஆனால் காவிரிக் கணக்கில் அந்த வருஷத்துக்கு வேறு இரண்டு தேதிகளும் உண்டு.

பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பை எழுதியது. சாதாரண ஆண்டில், மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வந்து சேரவேண்டிய தண்ணீர், நடுவர் மன்றம் 2007இல் சொன்ன 192 டி.எம்.சி.யிலிருந்து (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. பதினாலே முக்கால் டி.எம்.சி. போச்சே என்று டெல்டா முழுக்க ஒரே பேச்சு. ஆறு மாதம் கழித்து, ஆகஸ்டில், குடகில் மழை கொட்டித் தீர்த்தது. மடிக்கேரியைச் சுற்றிய மலைச்சரிவுகள் வீடுகளோடும் காப்பித் தோட்டங்களோடும் பெயர்ந்து இறங்கின. மேட்டூர் நிரம்பி வழிந்து, கொள்ளிடம் கரைபுரண்டது. 22ஆம் தேதி ராத்திரி முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 1836இல் கட்டிய அணை அது.

தீர்ப்பில் இருந்த எண்ணைவிட எவ்வளவோ கூடுதலாக அந்த வருஷம் தண்ணீர் வந்தது. கொள்ளிடம் கடலில் கொட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில், எங்கள் வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஏறவில்லை என்று பாசனம் போய் முடிகிற கடைமடையிலிருந்து புகாரும் வந்தது. யாருக்கு எத்தனை டி.எம்.சி. என்பதை நீதிமன்றம் பிரித்துக் கொடுக்க முடியும். அந்தத் தண்ணீர் நான்கு மாதத்தில் பரவலாக வருமா, நாலே வாரத்தில் மண்ணோடு சேர்ந்து புரண்டு வருமா என்பது நீதிமன்றத்தின் அதிகாரத்தில் இல்லை. அதற்கு மேட்டூரைத் தாண்டி மேலே பார்க்க வேண்டும். டெல்டாவில் நாம் அதிகம் பார்க்காத திசை அது.

காவிரி வடிநிலம் மொத்தம் 81,155 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறது. கேரளத்தில் இருப்பது 2,866 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் மழை பரப்பளவைப் பார்த்துப் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று முட்டி நிற்கும் குடகு, வயநாடு, நீலகிரியின் மேற்கு விளிம்பு ஆகிய ஒடுங்கிய மலைப்பட்டைதான் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆற்றுக்கு உயிர் கொடுக்கிறது. தலைக்காவிரி இருக்கும் பிரம்மகிரி குடகில். கபினி பிறப்பது வயநாட்டில். பவானிக்கும் மாயாற்றுக்கும் நீலகிரி. அங்கே அடைமழை பெய்யும் நாட்களில் தஞ்சாவூரில் வெயில் கொளுத்தும்; நமக்கான மழை ஐப்பசியில்தான். குறுவை போடுகிறவர் தன் வயலில் பெய்யாத மழையை நம்பித்தான் நாற்றங்காலில் கால் வைக்கிறார்.

மலையில் காடு இருந்தால் தண்ணீர் பெருகும் என்று மேடைகளில் சொல்வதைக் கேட்கிறோம். அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. மரமும் தண்ணீர் குடிக்கும். தைலமரமும் சீகையும் (வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம்) அதிகமாகவே குடிக்கும். காடும் புல்வெளியும் செய்யும் வேலை வேறு. விழுந்த மழை ஓடாமல் சருகிலும் மண்ணிலும் புல்வேரிலும் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, மழை ஓய்ந்த மாதங்களிலும் ஓடையை ஓடவைக்கும். ஜூன் 12இல் திறந்த மேட்டூரை ஜனவரி 28இல் மூடும் வரைக்கும் சம்பாவையும் தாளடியையும் இழுத்துக்கொண்டு போக வேண்டிய டெல்டாவுக்கு இந்தக் கசிவு முக்கியம். அடைமழையின் முழு வேகத்தையும் காடு தடுத்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. தஞ்சாவூரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதில் பெரும்பகுதி அது. எந்தச் சோலையும் அதை உறிஞ்சிவிட முடியாது. ஆனால் சாலைக்கும் தங்கும் விடுதிக்கும் என்று நெட்டுக்குத்தாக வெட்டப்பட்ட சரிவு, வெட்டப்படாத சரிவுக்கு முன்னால் விழும்.

சரி, இந்த மலையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால் வனத்துறை. அந்தப் பதில் பாதிதான்.

குடகில் தேவரகாடு என்று ஒன்று உண்டு. நம் ஊர்ப்பக்கம் அய்யனார் கோயிலைச் சுற்றி வெட்டாமல் விட்டுவைத்த காட்டுத்துண்டு போல, சாமிக்கு விட்ட காடு. அரசுப் பதிவேட்டில் 1,200க்கு மேற்பட்ட தேவரகாடுகள் இருக்கின்றன. 1905இல் சுமார் 6,200 ஹெக்டேராக இருந்த பரப்பு 1985இல் சுமார் 2,550 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. நடுவில் அவை வருவாய்த் துறைக் கணக்கில் கிடந்தன. காப்பித் தோட்டங்கள் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்தன. 1985இல் வனத்துறையிடம் திரும்பி வந்த பிறகு ஊர்க் கோயில் குழுக்களோடு சேர்ந்து காப்பதென்று ஏற்பாடு. காப்பாற்றியது ஊர்களின் சாமிபயம் மட்டுமே என்றும் சொல்ல முடியாது, வனத்துறையின் வேலி மட்டுமே என்றும் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்று தளர்ந்த இடங்களில் காடு போனது.

அதே குடகின் காப்பித் தோட்டங்களில் நேர்மாறான ஒரு பாடம் இருக்கிறது. காப்பிக்கு நிழல் தரும் உள்நாட்டு மரங்களை வெட்டி விற்கும் உரிமை, பல நிலவகைகளில், தோட்டக்காரருக்கு முழுதாக இல்லை. அரசுக்கும் பங்குண்டு, அனுமதி வாங்க அலைய வேண்டும். சில்வர் ஓக் வெளிநாட்டு மரம், அதற்கு அந்தத் தொல்லை கிடையாது. விளைவு, பழைய மரம் சாயும் இடத்தில் சில்வர் ஓக் ஏறுகிறது. மரத்தைக் காக்க எழுதிய விதியே, மரத்தின் மேல் பராமரிக்கிறவருக்கு இருந்த அக்கறையைக் குறைத்துவிட்டது.

இந்த விஷயத்தை ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் பிலிகிரிரங்கன மலைக்குப் போகவேண்டும். சாம்ராஜ்நகர் மாவட்டம், நம் சத்தியமங்கலம் காட்டோடு ஒட்டிய மலை, அங்கே இறங்கும் ஓடைகள் சுவர்ணாவதி வழியாகக் காவிரிக்கு வருகின்றன. சோளகர் என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் காடு. 1974இல் சரணாலயமானதும் அவர்களுடைய இடம்மாறும் விவசாயமும் வேட்டையும் தீ வைப்பும் நின்றன. தேன், நெல்லி, மரப்பாசி எடுத்துக் கூட்டுறவுச் சங்கம் மூலம் விற்றுப் பிழைத்தார்கள். 2006 வாக்கில் அதற்கும் தடை வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது நெல்லிமரம். காட்டு நெல்லியில் புல்லுருவி ஏறும். மரத்தின் சாற்றை உறிஞ்சி, கிளை கிளையாகப் பரவி, கடைசியில் மரத்தையே கொன்றுவிடும். காய் பறிக்கப் போகும் சோளகர், புல்லுருவி பிடித்த கிளையைப் பறிக்கிற கையோடு வெட்டிப் போடுவார். அதற்குத் திட்டமும் கிடையாது, கூலியும் கிடையாது. அடுத்த வருஷமும் அந்த மரத்திடம் வரவேண்டும் என்பதால் செய்கிற வேலை. பறிப்பது நின்றதும் வெட்டுவதும் நின்றது. ஆய்வாளர்கள் போய்க் கேட்டபோது, புல்லுருவி பெருகியதற்குத் தீ இல்லாததும் ஒரு காரணம் என்று சோளகர்கள் சொன்னார்கள். முன்பெல்லாம் தை மாதக் குளிர் விடுவதற்குள், சருகு மட்டும் எரிகிற மாதிரி, சின்னத் தீ வைப்பார்கள். கோடையில் காடே பற்றியெரியும் பெருந்தீக்கு அது முன்தடுப்பு. கூடவே உண்ணிச்செடி (லன்டானா) என்ற அந்நியக் களையின் நாற்றையும் எரித்துவிடும். தீ நின்ற காட்டில் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்குப் புதராகிப் புல்லை மூடியது. தீயின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. உண்ணிச்செடி பரவியதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. ஆனால் அந்தக் காட்டில் தினமும் நடப்பவர்களிடம் முதலில் கேட்டிருக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

2011இல் அந்தக் காடு புலிகள் காப்பகமானது. அதே வருஷம் அக்டோபரில், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ், 25 சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றின் உள்ளே இப்படி உரிமை கிடைத்தது நாட்டிலேயே அப்போது புதுசு. அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, நீர்ப்பிடிப்புப் பகுதியையும் நீர் ஆதாரங்களையும் காக்கும் பொறுப்பும் அதிகாரமும் கிராம சபைக்கு உண்டு என்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. காவிரி பற்றி நாம் இவ்வளவு சட்டம் பேசுகிறோம்; இந்த ஒரு வரி பாசன சங்கக் கூட்டங்களில் காதில் விழுந்ததில்லை.

உரிமைச் சட்டத்துக்கு முன்பே ‘கூட்டு வன மேலாண்மை’ என்ற ஏற்பாடு வந்துவிட்டது. 1988 தேசிய வனக் கொள்கைக்குப் பிறகு, 1990 ஜூனில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையில் பிறந்தது அது. தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பானியக் கடனோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் அது பெரிய அளவில் நடந்தது: கிராம வனக் குழுக்கள், மலையடிவாரத் தடுப்பணைகள், கசிவுநீர்க் குட்டைகள், கன்று நடுதல். நல்ல காரியங்கள் நடக்காமல் இல்லை. சில அடிவாரக் கிராமங்களில் கிணறு ஊறியது. ஆனால் அமைப்பைப் பாருங்கள். நாட்டின் பெரும்பாலான இடங்களில் குழுவின் செயலர் வனத்துறை ஊழியர். கணக்கு, வங்கிப் புத்தகம், அடுத்த வருஷ வேலைத்திட்டம் எல்லாம் அவரைச் சுற்றியே. ஊருக்கு வந்தது குழி வெட்டும் கூலியும், விறகு புல் சேகரிக்கும் சலுகையும். திட்டக்காலம் முடிந்ததும் பல குழுக்கள் பெயர்ப்பலகையோடு நின்றன.

டெல்டாக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. குடிமராமத்தின் கதையும் இதேதான்.

வாய்க்காலை ஊரே தூர்வாரிய காலத்தில், தண்ணீரைப் பிரிப்பதும் ஊர்தான், அதற்கான மானியத்தை வைத்திருந்ததும் ஊர்தான். கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், வந்து வரியையும் நிர்வாகத்தையும் கலெக்டரிடம் கொண்டுபோனார்கள். உழைப்பை மட்டும் ஊரிடமே விட்டார்கள். ஆள் வரவில்லை. 1858இல் வராதவனைக் கட்டாயப்படுத்த மதராஸில் ஒரு சட்டமே போட்டார்கள், கட்டாய உழைப்புச் சட்டம். அப்போதும் வரவில்லை. உழைக்கச் சொல்வதற்குச் சட்டம் தேவைப்பட்ட அன்றைக்கே குடிமராமத்து செத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் திட்டத்தை மறுபடி தொடங்கியது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாய். வேலை மதிப்பில் 10 சதவீதம் விவசாயிகளின் பங்கு, பணமாகவோ உழைப்பாகவோ. பாசன விவசாயிகள் சங்கங்களுக்கு ஏற்கெனவே 2000ஆம் ஆண்டின் சட்டம் இருந்தது. காகிதத்தில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. களத்தில், சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரரே ஜேசிபி இறக்கி வேலையை முடித்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு டெல்டா முழுக்கக் கேட்டது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை என்றும் சொல்லவேண்டும். சங்கம் உயிரோடு இருந்த ஊர்களில் வேலை உருப்படியாகவே நடந்தது. அங்கும்கூட, ஷட்டரை எப்போது எத்தனை அடி தூக்குவது என்பதில் சங்கத்துக்குச் சொல் இல்லை. மண் அள்ள நாம். கைப்பிடியைச் சுற்ற லஸ்கர் என்கிற மதகுக் காவலாளி. அவருக்கு உத்தரவு எங்கிருந்தோ. (2021இலிருந்து நீர்வளத் துறை தனித்துறை. பேச்சில் இன்னமும் பொதுப்பணித்துறைதான்.) வெண்ணாற்றின் கடைமடையில் இருப்பவர் தூர்வாரும் வேலைக்கு வருவாரா என்பது, முறை வைக்கும்போது அவர் பேச்சு எடுபடுமா என்பதைப் பொறுத்தது.

டெல்டாவிலேயே நன்றாக நடந்த உதாரணம் வேண்டும் என்றால் முத்துப்பேட்டை. அலையாத்திக் காட்டை வனத்துறை பல பத்தாண்டுகள் கூப்புப் போட்டு, அதாவது துண்டு துண்டாகப் பிரித்து, மொத்தமாக வெட்டியது. வெட்டவெளியான சேறு காய்ந்து, தரை தாழ்ந்து, அலைநீர் தேங்கி, உப்பு ஏறி, கண்டல் விதை முளைக்காத பள்ளங்களாகிவிட்டது. அங்கே மீனவர்கள் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன்பிடிப்பது பழைய வழக்கம். அந்த வாய்க்கால் வழியே ஏற்றவற்றத் தண்ணீர் உள்ளே போய்வரும், அது போய்வரும் கரையில் கண்டல் தழைக்கும். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கரையோர ஊர்களும் சேர்ந்து செய்த சீரமைப்பிலும் அதே உத்திதான்: மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, தேங்கிய உப்பை அலை கழுவ விட்டு, கரையில் விதை ஊன்றினார்கள். ஊர்க் குழு வேலைக்கும் இருந்தது, எங்கே வெட்டுவது என்று பேசும்போதும் இருந்தது. தூர்ந்தால் மறுபடி வெட்டியாக வேண்டும் என்பதுதான் இதில் இருக்கும் ஒரே தொல்லை. வெட்டாமல் விட்டால் பழைய பள்ளம்தான்.

நீலகிரியில் இப்போது ஓடுகிற வேலைக்கும் இதே தொல்லை. உயரமான பீடபூமியின் இயற்கையான முகம் பள்ளங்களில் சோலை, மேட்டில் புல்வெளி. வெள்ளைக்காரர்களின் கண்ணுக்குப் புல்வெளி தரிசாகத் தெரிந்தது. 1840கள் தொட்டு சீகையும் தைலமரமும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் ஆலைக்கூழுக்கும் என்று அரசே புல்வெளியை ஏக்கர் கணக்கில் சீகைக்காடாக்கியது. தோடர்களின் எருமை மேய்ச்சல் போனது. கோயில் வேய அவர்களுக்கு வேண்டிய புல்லும் கிடைக்காமல் ஆனது. இப்போது அதே அரசு, அந்நியக் களைத் தாவரங்களை அகற்ற 2022இல் கொள்கை வகுத்து, மரங்களை எடுக்கிறது.

எடுப்பது சுலபம். சீகை வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கே மறுபடி கிளம்பும். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். ஒரு தடவை வெட்டி, லாரியில் ஏற்றி, படம் எடுத்துவிட்டுப் போனால் மூன்றாம் வருஷம் முன்னைவிட அடர்த்தியான சீகைக்காடு நிற்கும். வருஷா வருஷம் நாற்றைப் பிடுங்க வேண்டும், பக்கத்தில் தப்பிப் பிழைத்த புல்வெளியிலிருந்து சரியான புல்லைக் கொண்டுவந்து பதிக்க வேண்டும், எருமை எப்போது மேயலாம் எப்போது கூடாது என்று பார்க்க வேண்டும். டெண்டர் எடுத்தவர் இதற்கு இருக்கமாட்டார். அங்கேயே இருப்பவர்கள் தோடர்களும் படுகர்களும் இருளர்களும் குறும்பர்களும். ஆனால் தமிழ்நாட்டில் வன உரிமைப் பட்டாவே தாமதம். நீதிமன்ற அனுமதி இல்லாமல் வழங்கக் கூடாது என்று 2008இல் போட்ட உத்தரவு 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் நீங்கியது. அதற்குப் பிறகும் கிடைத்ததில் பெரும்பகுதி தனிநபர் பட்டா. காட்டை நிர்வகிக்கும் சமூக உரிமை பின்தங்கியே நிற்கிறது.

காவிரிக்காகத் தமிழ்நாடு போராடும் மேடைகளில் இது எதுவும் வராததற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. 2018 ஜூனில் அமைத்த காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் வேலை அணைகளில் இருப்பு எவ்வளவு, பிலிகுண்டுலுவில் எவ்வளவு வந்தது என்று கண்காணித்துப் பங்கிடுவது. தீர்ப்பு சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி. ஒதுக்கியது, அதுவும் ஆற்றில் ஓடும் தண்ணீர்தான், மலைக்கானதில்லை. குடகில் சரிவை வெட்டி விடுதி கட்டினால் கேட்க அந்த ஆணையத்துக்கு மேசை கிடையாது. நாம் போய்க் கர்நாடகத்திடம் காட்டைக் காப்பாற்றுங்கள் என்றால், முதலில் உங்கள் பங்குக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

நம் பங்கு என்று பார்த்தால் பவானி, அமராவதி, நொய்யல் மூன்றின் மலைகளும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. பவானியின் தண்ணீர் ஈரோட்டுப் பாசனத்திலேயே பெரும்பாலும் தீர்ந்து, மிச்சம்தான் கூடுதுறையில் காவிரிக்கு வருகிறது என்பது உண்மை. நொய்யல் திருப்பூர்ச் சாயத்தைக் கொண்டுவந்தது தனிக்கதை. அப்படியும், இந்த மலைகளில் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கொடுக்கவோ, சீகை பிடுங்கும் வேலையை ஐந்தாறு வருஷ ஒப்பந்தமாக அந்தச் சபைகளிடமே ஒப்படைக்கவோ, பெங்களூருவின் சம்மதமோ டெல்லியின் ஆணையமோ தேவையில்லை. மேட்டூர் திறப்புக்கு முன்னால் டெல்டாவில் தூர்வாரலுக்கென ஒவ்வொரு வருஷமும் கோடிக்கணக்கில் ஒதுக்குகிறார்கள். அதன் ஒரு சிறு பங்கைத் தண்ணீர் பிறக்கிற இடத்தில், மேற்பார்வையில் டெல்டாப் பாசன சங்கத்தின் பிரதிநிதி ஒருவரும் இருக்கும்படி செலவழித்துப் பார்க்கலாம். வாய்க்கால் தூர்வாரக் கிடைக்கும் பணத்திலும் கை வைப்பதா என்று நம்மவர்களே சண்டைக்கு வருவார்கள். நியாயமான சண்டை, இரண்டு போகம் தண்ணீர் ஏறாமல் கிடந்தவரிடம் நீலகிரியின் முகுர்த்திப் புல்வெளியைப் பற்றிப் பேசுவது லேசில்லை.

மாவட்டம்தோறும் மாதாமாதம் கலெக்டர் முன்னிலையில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அந்த மேசையில் நீர்வளத் துறை உண்டு, வேளாண்மைத் துறை உண்டு, கூட்டுறவு உண்டு, நுகர்பொருள் வாணிபக் கழகம் உண்டு. தஞ்சாவூர்க் கூட்டத்தில் எழுந்து நின்று நீலகிரியில் இந்த வருஷம் எத்தனை ஹெக்டேரில் சீகை எடுத்தார்கள், போன வருஷம் எடுத்ததில் எத்தனை ஹெக்டேர் மறுபடி முளைத்தது என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்ல வேண்டிய அதிகாரி ஊட்டியில் இருப்பார். மனுவை அங்கே அனுப்பிப் பதில் வாங்கித் தரும்படி கலெக்டரிடம் கேட்பதில் விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை.